வெள்ளையாக விட்ட இடம்

கேள்வி: மகள் ஜப்பான் போய் வந்தபோது நீளமான படம் ஒன்று வாங்கி வந்தாள். கறுப்பு மையில் சில பைன் மரங்கள். மீதியெல்லாம் வெறும் தாள். ஹசெகாவா தோஹாக்கு என்ற ஓவியர் வரைந்ததாம். பாதியில் விட்ட படமா? முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய என் மாமியார், "ஒரு வர்ணம்கூட இல்லையே, இதையா மாட்டுவது?" என்கிறார். இதில் என்னதான் இருக்கிறது?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்களுக்கு அப்படித் தோன்றியதில் தப்பே இல்லை, சகோதரி. மூல ஓவியத்தில் தாள்களின் ஒட்டு சரியாகப் பொருந்தவில்லை. வேறொரு பெரிய வேலைக்குப் போட்ட முன்வரைவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். ஆனாலும் ஜப்பானுக்கு அது தேசியச் செல்வம். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்த, ஆறு மடிப்புள்ள இரண்டு திரைகள்; தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நீங்கள் வெறும் தாள் என்கிறீர்களே, அதுதான் பனிமூட்டம். தோஹாக்கு அதை வரையவில்லை. தாளை அப்படியே விட்டுவிட்டார். மை அடர்ந்த மரம் கிட்டத்தில் நிற்கிறது, தண்ணீர் கலந்து வெளிறியது எட்டத்தில்.

நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பால் மர நிரைக்குப் போவேன். விடிந்தும் விடியாத நேரம். முதல் மரத்தில் பட்டை வெடிப்பும் பால் வடியும் மங்குக் கிண்ணமும் தெளிவாகத் தெரியும். மூன்றாவது மரம் சாம்பல். அதற்கப்பால் அம்மா போய்விட்டால், தலைவிளக்கு மட்டும் நகரும், மரமே இருக்காது. இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது அந்த ஈர வாடைதான் எனக்கு வந்தது.

ஒரு காரியம் செய்யுங்கள். மூக்கு படுகிற தூரத்தில் நின்று ஒரு மரத்தைப் பாருங்கள். இலை என்று தனியாக எதுவும் தெரியாது. விளக்குமாற்று நுனியால் இழுத்தது போல வெறும் கீறல்கள். ஏழெட்டு அடி பின்னால் வாருங்கள், காற்றில் சாயும் மரமாகிவிடும். அப்புறம் இடது திரையின் மேல்பக்கம் தேடுங்கள். வெண்பனி மூடிய மலை ஒன்று, இருக்கிறதா இல்லையா என்பது போல நிற்கும்.

1593இல் தோஹாக்குவின் மகன் கியூஸோ இறந்துபோனார். அந்தத் துக்கம்தான் இந்தப் படம் என்பவர்கள் உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை. துக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அப்புறம் மரத்தை யார் பார்ப்பார்கள்?

உங்கள் மாமியாரை எதிரே உட்காரவைத்து, எந்த மரம் கிட்டத்தில், எது எட்டத்தில் என்று மட்டும் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.