மாமாவுக்குப் பின்பக்கம், அண்ணனுக்கு முன்பக்கம்: இடுப்பு ஆபரேஷனில் ஏன் இந்த வித்தியாசம்?

அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 70 வயது மாமாவுக்குத் தொடையெலும்பின் கழுத்து உடைந்தபோது பின்பக்கம் கீறி ஆபரேஷன் செய்தார்கள், இப்போது நன்றாக நடக்கிறார். பைக்கில் விழுந்து அதே எலும்பு உடைந்த அண்ணனுக்கு மட்டும் டாக்டர் முன்பக்கம் என்கிறாரே, ஏன் என்கிறீர்கள். நான் பாளையங்கோட்டையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்.

தொடையெலும்பின் மேல்முனை ஒரு பந்து மாதிரி இருக்கும், அதைத் தாங்கும் ஒடுங்கிய பகுதிதான் கழுத்து. மாமாவுக்கு அந்தப் பந்தை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்திருப்பார்கள். அந்த வயதில் எலும்பு விலகி உடைந்தால் பெரும்பாலும் அதுதான் வழக்கம். பந்தையே எடுத்த பிறகு அதற்கு ரத்தம் போகும் பேச்சே இல்லை. அண்ணனுக்கோ சொந்தப் பந்தையே ஸ்குரூ போட்டுக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அது உயிரோடு இருந்தாக வேண்டும்.

ரத்த ஓட்டத்தைப் பொறுத்தவரை அந்தப் பந்து நம்ம கன்னடியன் கால்வாயின் கடைமடை வயல் மாதிரி. கீழேயிருந்து கழுத்தை ஒட்டி ஏறி வருவதுதான் அதற்குக் கிடைக்கும். பெரும்பங்கைக் கொண்டுவருவது ஒரே தமனி. தொடையின் உட்பக்கம் கிளம்பி, எலும்பைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், அங்குள்ள குட்டித் தசைகளின் நாண்களுக்கு அடியில் ஏறி, மூட்டுறையைத் துளைத்து, கழுத்தின் மேல்பின்பக்கமாகச் சிறு கிளைகளாகப் பந்துக்குள் நுழையும். பந்து உட்காரும் இடுப்புக் கிண்ணத்திலிருந்து அதற்கு வரும் தசைநாரிலும் கொஞ்சம் ரத்தம் உண்டு. வளர்ந்தவர்களுக்கு அதை நம்ப முடியாது.

பின்பக்க வழியில் காலை உள்பக்கம் திருப்பி, அந்தக் குட்டித் தசைகளை எலும்பில் சேருமிடத்தில் வெட்டித்தான் மூட்டுக்குள் போவார்கள். தமனி அங்கேயேதான் ஓடுகிறது. முன்பக்கமாக, ஸ்மித் பீட்டர்சன் வழியிலோ வாட்சன் ஜோன்ஸ் வழியிலோ போனால் அதன் பக்கம் போகவே வேண்டாம். உங்கள் டாக்டர் நினைப்பது இதைத்தான்.

சரி, பந்தைக் கிண்ணத்திலிருந்து முழுதாகக் கழற்றி வேலை பார்த்தால் அது செத்துப்போகாதா? சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து டாக்டர் ரெயின்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் அதற்கும் வழி கண்டார்கள். தொடையெலும்பின் வெளிமேட்டைத் தசைகளோடு சேர்த்து ஒரு சீவலாக எடுத்து முன்னால் தள்ளிவிட்டு, ஆப்டுரேட்டர் எக்ஸ்டெர்னஸ் என்ற தசையைத் தொடாமல், பந்தை முன்பக்கமாகக் கழற்றுவார்கள். அந்தத் தசைதான் தமனிக்குக் காவல். இப்படிச் செய்த 213 இடுப்புகளில் ஒன்றில்கூடப் பந்து சாகவில்லை என்று 2001இல் எழுதினார்கள். அவை உடைந்த எலும்புகள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இந்த முறையில் பந்தில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பதுண்டு. அதில் சிவப்பாக ஊறி வந்தால்தான் தியேட்டரில் எல்லோருக்கும் மூச்சு வரும்.

அண்ணனுக்கு எலும்பு விலகிய நேரத்திலேயே தமனி கிழிந்திருக்கலாம். முன்பக்கம் கீறினாலும் அதை மீட்க முடியாது. மிச்சமிருப்பதைக் கெடுக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். அதனால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் கட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். அப்புறம், எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரேவை நிறுத்திவிட வேண்டாம். பந்து செத்துப்போவது இரண்டு வருஷம் கழித்துக்கூடத் தெரியவரும். தொடை இடுக்கில் புதிதாக வலி வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.