குளத்தைச் சும்மா ஆழமாக்கித் தருகிறேன் என்று வருபவருக்குக் கையெழுத்து வைக்கலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கமக்காரர் அமைப்புச் செயலாளர் எழுதியிருக்கிறார். அவர்களுடைய சிறுகுளத்தில் முன்பெல்லாம் ஆடி வரை தண்ணீர் நிற்குமாம். இப்போது சித்திரையோடு வற்றிப்போகிறது, சிறுபோகம் என்ற பேச்சே இல்லை. இந்த நிலையில் ஒருவர் வந்து, குளத்தைப் பத்தடி ஆழமாக்கித் தருகிறேன், ஒரு சதமும் வேண்டாம், வெட்டுகிற மண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், கோயிலுக்கும் ஒரு தொகை தருகிறேன் என்கிறாராம். அலைகரையில், அதாவது தண்ணீர் வந்து சேர்கிற மேற்பக்கக் கரையில், நிற்கிற மருது, நாவல் மரங்களையும் பற்றையையும் வழித்தால்தான் தண்ணீர் தடையில்லாமல் வரும் என்றும் சொல்கிறாராம். "கையெழுத்து வைக்கலாமா? பறவையும் மீனும் போய்விடும் என்று இளம் பிள்ளைகள் மறிக்கிறார்கள். வயலே காய்கிறபோது அதுவும் ஒரு பிரச்சினையா?" என்பது கேள்வி.

வைக்க வேண்டாம். பிள்ளைகள் சொல்வதும் சரி.

முதலில் குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற துருசடிக்குப் போய், அதன் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வயலுக்கு வருவது அந்த மட்டத்துக்கு மேலே நிற்கிற தண்ணீர் மட்டுமே. அதற்குக் கீழே பத்தடி வெட்டினாலும் இருபதடி வெட்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக ஏறி வாய்க்காலுக்கு வராது. மாடு குடிக்கும், பக்கத்துக் கிணறுகள் கொஞ்சம் ஊறும், அவ்வளவுதான். பத்தடி என்று ஆசை காட்டியவர் துருசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். அவருக்கு வேண்டியது மண்.

எந்த மண் என்பதையும் கவனியுங்கள். குளத்தின் அடியில் மேலாகக் கிடப்பது வண்டல். கறுத்து, வழுவழுப்பாக இருக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதற்குக் கீழே பல இடங்களில் கிரவல் என்ற சரளை மண், சில இடங்களில் மணல். வண்டலை விலை கொடுத்து வாங்க டிப்பர்க்காரர் எவரும் வரமாட்டார். கிரவலுக்கு வீதி போடுகிற இடமெல்லாம் விலை. ஆனால் வண்டலுக்கு அடியில், கிரவலுக்கு மேலே இறுகிக் கிடக்கிற களிப் படைதான் தண்ணீரை இறங்கவிடாமல் தாங்குகிறது. அதை உடைத்துக் கிரவலுக்குள் போனால் குளம் ஓட்டைப் பானைதான். மார்கழியில் நிரம்பி வான் பாய்ந்த (மிகைநீர் வழிந்த) குளம் மாசிக்குள் இறங்கிவிடும்.

இப்படி வெட்டிய ஒரு குளத்தை நான் நேரில் பார்த்தேன். கிணறுபோல ஐந்தாறு கிடங்குகள், எல்லாவற்றுக்கும் செங்குத்தான கரை. இறங்கிய மாடு ஏற முடியாமல் கத்திக்கொண்டு நின்றது. வெட்டியவரின் தொலைபேசி அதற்குள் வேலை செய்யாமல் போயிருந்தது. பொலிசில் வாக்குமூலம் கொடுத்தவர்கள் கையெழுத்து வைத்த கமக்காரர்கள். கடிதத்தில் அவர்களுடைய பெயர்தானே இருந்தது! இந்தத் தரகர்கள் ஊருக்கு ஊர் ஒரே கதையோடுதான் வருகிறார்கள்: கோயிலுக்குத் தொகை, "மேலிடத்தில் எல்லாம் பேசியாயிற்று", நாளைக்கே மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் வரும். அனுமதிப்பத்திரத்தைக் காட்டு என்றால் அது கொழும்பிலிருந்து வந்துகொண்டிருக்கும். வந்துகொண்டேயிருக்கும்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் குழம்புகிறார்கள். குளத்து மண்ணில் கையே வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வண்டலை அளவோடு அள்ளி வயலுக்கும் தோட்டத்துக்கும் போடுவது நம்முடைய பழைய வழக்கம். குளம் வற்றிய நாட்களில், களிப் படை தெரியத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டு, கட்டின் அடியை விட்டுத் தள்ளி, சரிவாகப் பரவலாக அள்ளினால் குளத்துக்கும் நல்லது, பயிருக்கும் நல்லது. எந்த இடத்தில் எவ்வளவு வண்டல் என்று அறிய நாலைந்து இடத்தில் மண்வெட்டியால் சோதனைக் குழி வெட்டிப் பாருங்கள். நிறமும் கையில் பிசுபிசுப்பும் மாறுகிற ஆழத்தை எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு கமநல சேவை நிலையத்துக்குப் போய், தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூட்டி வந்து மட்டம் பார்த்து, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். ஏற்றுகிற வண்டி உங்கள் ஊர் உழவு இயந்திரமாக இருக்கட்டும், மண் போகிற இடம் உங்கள் ஊர் வயலாக இருக்கட்டும். குளத்து எல்லையைத் தாண்டிப் பிரதான வீதிக்கு ஒரு லோட் ஏறினாலும் அது வேறு கதை. வந்தவரைச் சோதிக்கவும் இது நல்ல வழி. "வண்டலை மட்டும் அள்ளி வயலில் கொட்டித் தாருங்கள், கிரவலைத் தொட வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் வரமாட்டார்.

இனி மரங்கள். அலைகரை மருதும் நாவலும் அதன் முன்னால் உள்ள கோரைப் புல்லும் தண்ணீரை மறிப்பதில்லை. மழைவெள்ளம் அடித்துவரும் மண் புல்லிலும் வேரிலும் தங்க, தெளிந்த நீர் குளத்துக்குள் இறங்குகிறது. அந்த மரங்கள் காற்றையும் மறிப்பதால் நீர் ஆவியாவது குறைகிறது. அவற்றை வழித்துவிட்டு ஆழமாக்கினால் மாரிக்கு மாரி வண்டல் திரும்ப வந்து சேரும். உங்கள் குளம் சித்திரையில் வற்றுவதற்கே மேலே காடு வெட்டியது ஒரு காரணமா என்று தேடிப் பாருங்கள். கட்டுக்குக் கீழே, வயலுக்கு முன்னால் நிற்கிற ஈரப் பற்றையையும் விடுங்கள். கட்டால் கசிகிற நீரிலுள்ள உப்பு வயலுக்கு வராமல் அது உறிஞ்சுகிறது. மரமும் புல்லும் பற்றையும் சேர்ந்ததுதான் குளம். ஒன்றின் வான் நீர் அடுத்ததற்குப் போகிற இந்தக் குளத்தொடர் அமைப்பை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017 இல் உலக விவசாய மரபுரிமைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அரச காணியில் நிற்கிற மரத்தை வெட்டக் கமக்காரர் அமைப்பின் கடிதம் அனுமதி ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பறவைக் கேள்விக்கு வருகிறேன். கொக்கும் நாரையும் நீந்தி இரை பிடிப்பவை அல்ல. கணுக்கால் அளவு தண்ணீரில் நடந்துதான் தின்னும். செங்குத்தான கிடங்கில் அவற்றுக்குக் கால் வைக்க இடமில்லை. விராலும் கெளிறும் முட்டையிடுவதும் கரையோரப் புல்லுக்குள், ஆழம் குறைந்த இடத்தில்தான். வயலில் நத்தையைத் தின்று உதவுகிற நத்தைகுத்தி நாரை தங்குவது உங்கள் குளத்து மரத்தில். கரையையும் மரத்தையும் அழித்தால் இவை எல்லாம் ஒன்றாகப் போகும். உலகில் 1970 இலிருந்து 2015 வரை ஈரநிலங்களில் சுமார் 35 வீதம் அழிந்துவிட்டதாக, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் உடன்படிக்கையின் 2018 அறிக்கை சொல்கிறது. காடுகள் அழிவதைவிட மூன்று மடங்கு வேகம் அது. அவ்வளவும் பெரிய சதுப்புகள் என்று நினைக்க வேண்டாம். மன்னார்ப் பக்கத்து வங்காலைச் சரணாலயத்துக்கு 2010 இல் ராம்சார் தகுதி கிடைத்தது, நல்லது. ஆனால் ஊர்க்குளத்துக்கு எந்தப் பலகையும் இல்லை. உங்கள் அமைப்பு கையெழுத்து வைக்க மறுப்பதுதான் அதற்கு முதல் காவல்.

நீரில் மிதக்கிற ஆகாயத் தாமரையையும் சல்வீனியாவையும் தாராளமாக அகற்றலாம். அவை வெளிநாட்டிலிருந்து வந்தவை, நீரை மூடிக்கொல்லும். அல்லியையும் தாமரையையும் விடுங்கள்.

சட்டம் இதுதான். 80 ஹெக்டேயர், அதாவது 200 ஏக்கர் வரை வயலுக்கு நீர் கொடுக்கும் குளம் சிறுகுளம். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி குளத்தையும் கட்டையும் குளத்துக்கென ஒதுக்கிய நிலத்தையும் சேதப்படுத்துவது குற்றம். கிரவலும் மணலும் அகழ 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், ஏற்றிச் செல்லத் தனி அனுமதி வேண்டும். "ஆழமாக்குதல்" என்று பெயர் வைத்தாலும் மண் விற்பனைக்குப் போனால் அது அகழ்வுதான்.

இவ்வளவு சட்டமும் இருந்தும் இரவில் டிப்பர் ஓடுகிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும். குளம் ஒரு திணைக்களம், மேலே உள்ள காடு இன்னொரு திணைக்களம், மண் மூன்றாவது, மண் போகிற வீதி நாலாவது. ஒரு குளத்து முறைப்பாட்டோடு நானே ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து திரும்ப முதல் அலுவலகத்துக்கு என்று ஒரு மாரி முழுவதும் அலைந்தேன். கோப்பு நகர்வதற்குள் கிடங்கில் தண்ணீர் நிரம்பி, அளக்கவே முடியாமல் போயிற்று. உயிரினப் பல்வகைமை பற்றிக் கருத்தரங்கு வைக்கிறவர்கள் ஒரு நாள் பெக்கோ நிற்கிற குளத்தடிக்கு வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

ஆகவே கூட்டத்தைக் கூட்டி, "இந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை" என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தலைவர் ஒருவர் தனியாகக் கடிதம் கொடுத்துவிடாமல் அது தடுக்கும். பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் திகதியோடு முத்திரை வாங்குங்கள். வண்டல் அள்ளும் வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். புரட்டாதி பிறந்த பிறகு எவர் இயந்திரம் கொண்டுவந்தாலும் கட்டில் ஏறவிடாதீர்கள். கிளறிய மண் இறுகுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும்.