துடிக்கும் விண்மீனும் தொலைவின் கணக்கும்

கேள்வி: பால்வழி மண்டலத்தைச் சூழ்ந்துள்ள ஒளிவட்டத்தில் மறைந்து கிடக்கும் மங்கலான விண்மீன் ஓடைகளை, ஒளி மாறும் விண்மீன்களைக் கொண்டு கண்டுபிடிக்கிறார்களாமே! ஒளி கூடிக் குறைவதற்கும் ஓடைக்கும் என்ன தொடர்பு?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: தொலைவுதான் தொடர்பு. பால்வழியின் ஈர்ப்பில் சிதைந்த ஒரு குறுமண்டலத்தின் (சிறிய விண்மீன் மண்டலத்தின்) விண்மீன்கள் வானில் ஓடையாக நீண்டு கிடந்தாலும், அவற்றுக்கு முன்னே நிற்கும் எண்ணற்ற அண்மை விண்மீன்களோடு கலந்துவிடுவதால், படத்தில் அந்த ஓடை தனித்துத் தெரிவதில்லை. எது முன்னே, எது பின்னே என்று பிரிக்க முடிந்தால்தான் அது வெளிப்படும்.

அதற்குக் கைகொடுப்பவை ஆர்.ஆர். லைரே வகை விண்மீன்கள். 1000 கோடி ஆண்டுகளைக் கடந்த இந்தக் கிழ விண்மீன்களின் வெளியடுக்கிலுள்ள ஹீலியம் வெப்பத்தைத் தேக்கித் தேக்கி வெளியே விடுவதால், அவை ஒரு நாளுக்குள் விரிந்து சுருங்குகின்றன. பெரும்பாலானவற்றில் ஒளி விறுவிறுவென ஏறி மெல்ல இறங்குவதால், அதன் வரைபடம் இரம்பப் பல்லைப் போலிருக்கும். ஆளை அடையாளம் காட்டுவது அந்தப் பல்தான். இவற்றின் உண்மையான ஒளி ஏறக்குறைய 50 சூரியன்களுக்குச் சமம் என்பதால், ஒன்று மற்றொன்றைவிட 100 மடங்கு மங்கலாகத் தெரிந்தால், அது 10 மடங்கு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

வெனிசுவேலாவின் ஆண்டிஸ் மலையிலுள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு நடத்திய தேடலில், சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இவ்வகை விண்மீன்கள் வழக்கத்துக்கு மாறாகக் குவிந்திருப்பதை 2001-இல் அறிவித்தார்கள். 1994-இல் கண்டறியப்பட்ட தனுசு குறுமண்டலத்திலிருந்து உருவப்பட்ட ஓடையின் ஒரு பகுதி அது. இவ்வளவுக்கும் அது பெரிய கருவி அன்று; ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்த பொறுமைக்குக் கிடைத்த பலன் என்பேன். 2022-இல் வெளியான விண்மீன்களைக் கணக்கெடுத்த ஐரோப்பிய விண்கலமான கையாவின் பட்டியலில் இவ்வகை விண்மீன்கள் சுமார் 2.7 லட்சம் உள்ளன.

குறைகளும் உண்டு. விண்மீனிலுள்ள உலோக அளவைப் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களை எல்லாம் வானியலில் உலோகம் என்பார்கள்) பொறுத்து அதன் ஒளி சற்று மாறும். இடையிலுள்ள தூசியும் ஒளியைக் குறைத்துத் தொலைவை அதிகமாகக் காட்டும். விண்மீன் போலத் தெரியும் தொலைதூரக் குவாசர்களின் (பிற மண்டலங்களின் ஒளிமிக்க மையங்களின்) ஒளியும் மாறுவதால், இரண்டு மூன்று படங்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஏமாற நேரிடும்.

கேள்வி: அப்படி ஒன்றை நாமே பார்க்க முடியுமா?
– அதே மாணவி

பதில்: முடியும். இந்த வகைக்குப் பெயர் தந்த ஆர்.ஆர். லைரே, அபிஜித் (வேகா) விண்மீனுக்கு வடகிழக்கே இருக்கிறது. வெறும் கண்ணுக்கு எட்டாது. ஆனால் இருண்ட வானில் நல்ல இருகண் நோக்கிக்குச் சிக்கும். அதன் துடிப்புக்காலம் சுமார் 13 மணி 36 நிமிடம் என்பதால், ஒளி ஏறும் வேளை ஒவ்வோர் இரவும் நகர்ந்துகொண்டே போகும். முதல் இரவிலேயே அது வாய்க்கவில்லையே என்று சலித்துவிடாதீர்கள்.