ஊமத்தங்காயும் சளி மாத்திரையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் பள்ளிக்குப் பின்னால் குப்பைமேட்டில் ஊமத்தை மண்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் விதையைத் தின்றுவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன செய்வது?
– ஓர் ஆசிரியை, பழநி

முதலில் கண்ணைப் பாருங்கள். கண்மணி இரண்டும் அகல விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காமல் நிற்கும். அடுத்து அக்குளில் கை வையுங்கள். உடம்பு கொதிக்கும், முகம் சிவந்திருக்கும், ஆனால் அக்குள் காய்ந்து கிடக்கும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு குழறும், நாடி ஓட்டமாய் ஓடும். கொஞ்ச நேரத்தில் பிள்ளை இல்லாத நூலைக் காற்றில் பிடித்து இழுப்பான், சட்டைப் பொத்தானைக் கிள்ளிக்கொண்டே இருப்பான், எதிரே ஆளில்லாமல் பேசுவான். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். போகிற நேரம் திரும்பாது.

ஊமத்தையில் இருப்பவை அட்ரோபினும் ஸ்கோபாலமினும். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையிலிருந்து புறப்பட்டுப் போய் உட்கார வேண்டிய இடங்களில் இவை முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். எச்சில், வேர்வை, கண்மணி சுருங்குவது, சிறுநீர்ப்பை பிழிவது எல்லாம் அந்தக் கட்டளையை நம்பி நடப்பவை; அதனால் அத்தனையும் ஒன்றாய் நிற்கின்றன. மூளையில் கவனமும் நினைவும் அதே பொருளை நம்பித்தான் இருக்கின்றன. பிதற்றல் அங்கிருந்து வருகிறது.

வாயில் மிச்சம் இருந்தால் விரலில் துணி சுற்றித் துடைத்தெடுங்கள். 108-ஐ அழையுங்கள். சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, விசிறியடியில் படுக்க வையுங்கள். இந்தச் சூடு வேர்க்க முடியாததால் வருவது, பாராசிட்டமால் கேட்காது. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது நம் ஊரில் இன்னும் போகாத பழக்கம்: குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறி, அதுவே வலிப்பைக் கொண்டுவரும். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து வேறு. தின்ற செடியில் ஒரு கிளையைக் காயோடு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

‘இப்போது அமைதியாகத்தானே இருக்கிறான்’ என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. இந்த நஞ்சு குடலின் அசைவையும் மந்தமாக்கும். விதைகள் வயிற்றிலேயே தங்கி மெல்ல மெல்லக் கசியும். பிதற்றல் ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கலாம். கண்மணி சுருங்க அதற்கும் மேலாகும். மருத்துவமனையில் சிறுநீர்க் குழாய் போட்டு, உடம்பைக் குளிர்வித்து, டயஸெபாம் வகை மருந்தால் அமைதிப்படுத்துவார்கள். தேவைப்பட்டால் ஃபைசோஸ்டிக்மின் என்ற மாற்று மருந்து உண்டு. அதன் உறவான நியோஸ்டிக்மின் இதற்கு ஆகாது, இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய அதற்கு வழியில்லை.

செடியைக் காய் வெடிப்பதற்கு முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். சாறு பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் அந்தக் கண்மணி மட்டும் விரியும். மூளையில் இரத்தக்கசிவோ என்று ஸ்கேன் வரை போக வைக்கும் சங்கதி அது. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் அழகுக்கு வளர்க்கும், மணிபோலத் தலைகீழாய்த் தொங்கும் பெரிய பூச்செடியிலும் இதே நஞ்சுதான்.

தாத்தாவுக்கு வயது 76. சளிக்குக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். இரவெல்லாம் உளறினார், சிறுநீரும் அடைத்துக்கொண்டது. மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா?
– ஒரு பேத்தி, விருதுநகர்

முந்தைய பதிலை இன்னொரு முறை படியுங்கள். சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின், ஒவ்வாமையைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பதோடு நிற்காமல், ஊமத்தை தடுக்கும் அதே இடங்களையும் கொஞ்சம் தடுக்கிறது. இளைஞருக்கு வாய் உலர்ந்து தூக்கம் வரும், அவ்வளவுதான். வயதானவரின் மூளையில் அசிட்டைல்கோலின் கையிருப்பு ஏற்கெனவே குறைவு. புராஸ்டேட் வீங்கியிருந்தால் சிறுநீர்ப்பையும் இழுத்துப் பிடித்துத்தான் வேலை செய்துகொண்டிருக்கும். சின்னத் தள்ளு போதும்.

நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், அவசரச் சிறுநீருக்கு ஆக்ஸிபியூட்டினின், நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்று தனித்தனி மருத்துவர்கள் எழுதியவை ஒன்றின்மேல் ஒன்றாய் ஏறும். வீட்டிலிருக்கும் அத்தனை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்; நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒவ்வாமைக்கு மாத்திரை வேண்டியே ஆகவேண்டுமென்றால் மூளைக்குள் அதிகம் நுழையாத ஃபெக்ஸோஃபெனடின் ஒத்துவருமா என்று கேளுங்கள். சிறுநீர் அடைப்புக்கு அன்றே மருத்துவமனை.

பூச்சிமருந்து நஞ்சேறியவருக்கு அட்ரோபின் ஊசியை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அது ஊமத்தை விஷம் என்கிறீர்கள். விஷத்துக்கு விஷமா?
– ஒரு விவசாயி, மன்னார்குடி

அப்படியேதான். மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். ஊமத்தையில் கட்டளை போய்ச் சேராது. இங்கே கட்டளை நிற்காது. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், எச்சிலும் வேர்வையும் கொட்டும், நாடி தளரும், நுரையீரல் தன் சளியிலேயே மூழ்கும். உயிரை எடுப்பது பெரும்பாலும் இந்த மூச்சுத் திணறல்.

பெரியவர்களுக்கு வழக்கமாக 1.8 முதல் 3 மில்லிகிராமில் தொடங்குவார்கள். நம் ஊர் ஆம்பூல் (ஊசிமருந்துக் குப்பி) 0.6 மில்லிகிராம், ஆக முதல் தடவையே 3 முதல் 5 ஆம்பூல். 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, போதவில்லை என்றால் அளவை இரட்டிப்பார்கள். ஸ்டெதஸ்கோப்பில் நுரையீரல் தெளிவாகக் கேட்பதும், நாடி 80-ஐத் தாண்டுவதும், இரத்த அழுத்தம் தேறுவதும்தான் இலக்கு. கண்மணி விரிந்துவிட்டதா என்று மட்டும் பார்த்து ஊசியை நிறுத்துவது தவறு. அளவு மிஞ்சினாலும் கண்ணுக்குத் தெரியும்: நோயாளி போர்வையைக் கிள்ளுவார், உடம்பு கொதிக்கும், வயிற்றில் இரைச்சலே கேட்காது. நெஞ்சு தெளிந்த பிறகும் இப்படி இருந்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

அட்ரோபின் தசைத் தளர்ச்சியைத் தடுக்காது. தேறியதுபோல் தெரிபவருக்கும் 1 முதல் 4 நாளுக்குள் கழுத்துத் தசை தளர்ந்து மூச்சு நிற்கலாம். ‘தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள்’ என்று அடிக்கடி சொல்லிப் பார்ப்பது அதற்காகத்தான். நஞ்சேறியவரைத் தூக்கிவிடும் நீங்களும் கையுறை போட்டு, அவர் துணியைக் களைந்து, சோப்புத் தண்ணீரால் உடம்பைக் கழுவுங்கள்.

எட்டிக்காய் விஷத்தையும் ரணஜன்னியையும் (டெட்டனஸ்) எப்படிப் பிரித்தறிவது?
– ஒரு சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை

இரண்டும் தண்டுவடத்தின் ‘பிரேக்’கைத்தான் பிடுங்குகின்றன. கிளைசின் என்ற பொருள்தான் தசைக்குப் போகும் கட்டளையை அடக்கி வைப்பது. ரணஜன்னிக் கிருமியின் நஞ்சு கிளைசின் வெளிவருவதைத் தடுக்கிறது. எட்டியின் ஸ்ட்ரிக்னின் வெளிவந்த கிளைசின் வேலை செய்யும் இடத்தை அடைக்கிறது. ஆகவே ரணஜன்னி நாள்கணக்கில் ஏறும், தாடை முதலில் பூட்டும், இழுப்புகளுக்கு நடுவிலும் தசை இறுகியே இருக்கும். எட்டி பெரும்பாலும் அரைமணிக்குள் காட்டிவிடும். இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே உடம்பு தளரும்.

நினைவு தப்பாது என்பதுதான் கொடுமை. வில்லாய் வளையும்போதும் நோயாளிக்கு எல்லாம் தெரியும், வலிக்கும். கதவு அடித்தாலும், கையைத் தொட்டாலும் அடுத்த இழுப்பு வரும். இருட்டறை, அமைதி, டயஸெபாம், தேவையெனில் செயற்கை சுவாசம். சுத்தி செய்யாத, அதாவது நஞ்சு குறையப் பக்குவப்படுத்தாத, எட்டிக்கொட்டை ஆசிரியர் மேற்பார்வை இல்லாமல் உங்கள் கைக்கே வரக் கூடாது.

பூஜை அறைக் கற்பூரத்தைக் குழந்தை கடித்துவிட்டது. கொஞ்சம்தான். பயப்படணுமா?
– ஒரு தாய், சேலம்

ஆம். ஒரு வில்லைகூடச் சிறு குழந்தைக்கு ஆபத்துதான். சில நிமிடங்களிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழியில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, கையில் இரும்புச் சாவி எதுவும் வேண்டாம். பச்சைக் கற்பூரமும் விலக்கல்ல. நீலகிரித் தைலம் குடித்தாலும் இதே அவசரம். கைக்குழந்தையின் மூக்கில் எந்தத் தைலமும் தடவாதீர்கள். நஞ்சு குறித்த ஆலோசனைக்கு எய்ம்ஸ் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

துபாய் போகும் தம்பிக்குக் கசகசா கொடுத்தனுப்பலாமா? அதில் போதை உண்டா?
– ஓர் அக்கா, இராமநாதபுரம்

குருமாவில் போடும் அளவுக்குப் போதை ஏறாது. மார்ஃபின் இருப்பது ஓப்பியக் காயின் பாலில். விதையின் மேல் ஒட்டியது மட்டுமே மிச்சம். ஆனால் சிறுநீர்ப் பரிசோதனை அந்த ஒட்டியதையும் காட்டிவிடும். அமெரிக்காவில் அரசுப் பணியிடச் சோதனைகளுக்கான மார்ஃபின் வரம்பை 1998-இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தியதற்குக் கசகசா ஒரு முக்கியக் காரணம். அமீரகம், சவூதி, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்குள் அதைக் கொண்டுபோகவே தடை. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருந்தால் அந்தப் பொட்டலத்தையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.