விமானத்தில் பயணியையும் சரக்கையும் சோதிப்பது யார் பொறுப்பு?

பெங்களூரு விமான நிலையத்தில் கைப்பையைச் சோதிப்பவர் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக் காவலர், பெட்டியை வாங்கிக்கொள்பவரோ விமான நிறுவன ஊழியர், அப்படியானால் பாதுகாப்பு யார் கையில் என்று கேட்டிருக்கிறீர்கள். இருவர் கையிலும்தான்; ஆனால் விதியை வகுப்பது அரசு.

1985 ஜூனில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் வெடித்து 329 பேர் இறந்தனர். குண்டு இருந்த பெட்டி மட்டும் ஏற்றப்பட்டது, அதற்குரிய பயணி ஏறவில்லை. 1987இல், விமானப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அரசு அமைப்பான சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் தனித் துறையானது. இன்று பெட்டியை ஒப்படைத்த ஒருவர் விமானம் ஏறாவிட்டால், அவரது பெட்டியைத் தேடி எடுத்து இறக்கிய பிறகே விமானம் கிளம்பும். தாமதமாகிறதே என்று நாம் சலித்துக்கொள்வதற்குப் சில நேரங்களில் இதுவும் காரணம். ஏறிய பயணிகளும் ஏற்றிய பெட்டிகளும் பொருந்துகின்றனவா என்ற கணக்கைச் சரிபார்ப்பதும், விமானத்தினுள் தேடுவதும், உணவு வண்டிகளைக் கண்காணிப்பதும் நிறுவனத்தின் வேலை. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக் காவலர்கள் பயணியையும் கைப்பையையும் பார்க்கிறார்கள். 1999 கந்தகார் விமானக் கடத்தலுக்குப் பின், 2000ஆம் ஆண்டு முதல் அப்படை விமான நிலையங்களுக்குப் படிப்படியாக வந்தது.

சரக்கின் கதை வேறு. ஓசூரிலிருந்து வரும் ரோஜாப் பெட்டி, பணியகத்தின் அனுமதி பெற்ற முகவரிடமோ நிறுவனத்திடமோ ஊடுகதிர்ச் சோதனை முடிந்து, வேறு யாரும் கைவைக்காதபடி காவலில் இருந்தே விமானம் சேர வேண்டும். நடுவில் காவல் விட்டுப்போனால், சோதனையை மறுபடி தொடங்க வேண்டியதுதான், பூ வாடினாலும்.