வாசகர் கேள்வி-பதில்: "எங்களுக்கு என்ன ஆச்சு?"

கேள்வி: கணவரின் பரம்பரை வீட்டில் குடியிருக்கிறோம். ஜன்னல் சட்டத்தில் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. தவழும் மகள் அதைப் பொறுக்கி வாயில் வைக்கிறாள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்குமே என்றால், "நாங்களெல்லாம் இங்கேதான் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆச்சு?" என்கிறார் மாமனார். என்ன பதில் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மாமனாரிடம் அப்புறம் வருகிறேன். முதலில் பெயிண்டர். காய்ந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ, நெருப்புக் காட்டி உரிக்கவோ வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். செதிலை விடத் தூள்தான் பொல்லாதது. நனைத்துச் சுரண்டட்டும், கீழே பிளாஸ்டிக் விரிக்கட்டும். வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும் வரை குழந்தை அந்தப் பக்கமே வரக்கூடாது. துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மறுபடி காற்றில் ஏறும். குழந்தைக்கு ரத்தத்தில் ஈய அளவையும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு சொல்கிற நானே, என் மகள் தவழ்ந்த வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஜன்னலை உப்புத்தாளால் தேய்த்தவன். அதே அறையில் தொட்டிலும் இருந்தது. அப்போது எனக்கு வேலையே ரத்தத்தில் ஈயம் அளக்கும் லேபில்தான்!

சரி, மாமனார். அவர் பொய் சொல்லவில்லை. குறைந்த அளவு ஈயத்துக்குக் காய்ச்சலும் வராது, வலியும் வராது. கணக்கில் பிள்ளை கொஞ்சம் பின்தங்கினால் "விளையாட்டுப் புத்தி" என்று விட்டுவிடுவோம். ஒரு பிள்ளையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, நூற்றுக்கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழந்தை மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன் அதைத்தான் செய்தார். அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகே ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார். ரத்தத்தில் ஈயம் சில வாரங்களில் குறைந்துவிடும், பல்லிலோ தங்கிவிடும். எந்தப் பல்லில் எவ்வளவு ஈயம் என்று தெரியாத ஆசிரியர்களிடம் அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். கவனம் சிதறுகிறது, சொன்னதைத் தொடர்ந்து செய்யவில்லை என்ற குறை, ஈயம் ஏற ஏறக் கூடியது. அறிவுத்திறன் சோதனையிலும் ஈயம் அதிகமுள்ள பிள்ளைகள் சராசரியாக நான்கு புள்ளி அளவுக்குப் பின்தங்கியிருந்தார்கள். 1979இல் வெளியிட்டார். பிற்பாடு, ஆய்வில் தில்லுமுல்லு என்று அவர்மீது புகார் கிளப்பினார்கள். விசாரணையில் அது நிற்கவில்லை.

மாமனார் வீட்டாருக்கு ஒன்றும் ஆகாமலே இருந்திருக்கலாம். ஆகியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

கேள்வி: ஈயம் விஷம் என்று எப்போதோ தெரியும். பெட்ரோலில் அத்தனை வருடம் எப்படிக் கலந்தார்கள்?

பதில்: அந்த மாமனார் கேட்டதையே கோட் போட்டவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான். ஈய பெட்ரோல் 1923இல் விற்பனைக்கு வந்தது. மறுவருடமே நியூஜெர்சி ஆலையொன்றில் அந்த ஈயச் சேர்மத்தைத் தயாரித்த ஐந்து தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். பெட்ரோலில் அதைக் கலக்கலாம் என்று கண்டுபிடித்த தாமஸ் மிட்ஜ்லி நிருபர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, மோந்தும் காட்டினார். அவரே அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் ஈய நச்சுக்கு ஓய்வெடுத்துத் திரும்பியவர்! அப்புறம் நாற்பது ஆண்டுகள், "கெடுதல் என்று நிரூபியுங்கள், நிறுத்துகிறோம்" என்பதே கம்பெனித் தரப்பின் பேச்சு. பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பாட்டர்சன் 1965இல், நம் உடம்பில் இருக்கும் ஈயம் இயற்கையானதல்ல, நாமே கொட்டியது என்று எழுதினார். கடைசியாக அல்ஜீரியா 2021இல் கார்களுக்கான ஈய பெட்ரோலை நிறுத்தியது. பெயிண்டில் ஈயத்தைச் சட்டம் போட்டுத் தடுக்காத நாடுகள் இன்னும் நிறைய.

"பாதுகாப்பான அளவு" என்பதும் இறங்கிக்கொண்டே வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 25 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை. 1991இல் 10 ஆனது, 2012இல் 5, 2021இல் அமெரிக்காவில் 3.5. பாதுகாப்பான அளவென்று எதுவும் தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 18 வந்த ஒரு குழந்தையின் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் இருக்கும்.

கேள்வி: ஏறிய ஈயத்தை மருந்தால் இறக்க முடியாதா?

பதில்: அளவு மிக அதிகமானால் மருந்து உண்டு. ரத்தத்தில் இறங்கும், ஆனால் மூளைக்கு ஆன பாதிப்பு திரும்பாது. உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துக்கொள்கிறது, அங்கே பல பத்தாண்டுகள் கிடக்கும். கர்ப்ப காலத்தில் அது கரைந்து கருவுக்கும் போகும். மருந்து முடிந்து போன ஒரு பையனின் ரத்தம் எங்கள் லேபுக்கு மூன்று முறை திரும்பி வந்தது, ஒவ்வொரு முறையும் அளவு ஏறியே இருந்தது. வீட்டில் ஜன்னலை யாரும் தொடவில்லை.