மோதிர விரலுக்கு ஸ்பிரிங் கருவி வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. நான்கு ஆண்டுகளாகப் பியானோ கற்கிறாள். வேகமான இடங்களில் வலது கை மோதிர விரல் வாசிக்கும் ஸ்வரம் மட்டும் அமுங்கிப்போகிறது. விரலுக்கு வலுவூட்டும் ஸ்பிரிங் கருவி ஒன்றை இணையத்தில் பார்த்தேன். ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன்கூட இப்படி ஒன்றைப் பயன்படுத்தினாராமே, வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஷூமன் பயன்படுத்தியது உண்மை. வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அவர் கதையே முதல் காரணம்.

1830இல் ஷூமனுக்கு 20 வயது. சட்டப் படிப்பை விட்டுவிட்டு, லைப்சிக் நகரில் ஃப்ரீட்ரிக் வீக் என்ற ஆசிரியரின் வீட்டிலேயே தங்கிப் பியானோ கற்க வந்தார். மூன்றே ஆண்டுகளில் பையனைப் பெரும் கலைஞனாக்கிவிடுவதாக அவருடைய தாய்க்கு வீக் கடிதம் எழுதியிருந்தார். அதே வீட்டில் வீக்கின் மகள் கிளாரா, 11 வயதிலேயே மேடையேறி வாசித்துக்கொண்டிருந்தாள். தாமதமாகத் தொடங்கிவிட்டோமே என்ற பதற்றம் அந்த இளைஞனுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த அவசரத்தில்தான் விரலை இழுத்துப் பிடிக்கும் கருவியை நாடினார். 1832இல் வலது கை நடு விரல் விறைத்துப்போனதை நாட்குறிப்பில் எழுதினார். அப்போதுதான் வெட்டிய விலங்கின் குடலுக்குள் கையை வைத்திருக்கும் வைத்தியம்வரை செய்து பார்த்தார். விரல் திரும்பவில்லை, மேடைக் கனவு முடிந்தது. வேறு காரணங்களைச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் அதீதப் பயிற்சியால் விரல்மீது மூளைக்கு உள்ள கட்டுப்பாடு குலைந்துபோகும் ‘டிஸ்டோனியா’ என்ற கோளாறாக இருக்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள்.

இப்போது உங்கள் மகளின் விரலுக்கு வருவோம். மேசைமேல் உள்ளங்கையை வைத்து, நடு விரலை மட்டும் மடக்கி உள்ளே தள்ளச் சொல்லுங்கள். இனி மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கட்டும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், சுண்டு விரல் மூன்றும் எழும்பும். மோதிர விரல் ஏறக்குறைய அசையவே அசையாது. உங்கள் கையிலும் அப்படித்தான். அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் தசைநாண்களோடு நார்களால் பிணைந்திருக்கிறது. இது பலவீனம் அல்ல, கையின் அமைப்பு. எந்த ஸ்பிரிங்கும் இதை மாற்றாது. அதோடு, பியானோவின் ஒரு கட்டை இறங்க ஏறக்குறைய 50 கிராம் எடை போதும். 13 வயதுப் பெண்ணின் விரலில் அதற்குமேலேயே வலு இருக்கிறது.

குறை பெரும்பாலும் மணிக்கட்டில்தான் இருக்கும். விரலைத் தனியாக உயரத் தூக்கி அடிக்கிறாளா, மணிக்கட்டு இறுகுகிறதா என்று பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். மோதிர விரல் வரும்போது முன்கை சற்றே சுண்டு விரல் பக்கம் சாய்ந்து, கையின் எடை அந்த விரலுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும். அமுங்கும் இடத்தில் நான்கைந்து ஸ்வரங்களை மட்டும் பிரித்தெடுத்து, பாதி வேகத்தில், காதால் கேட்டுக் கேட்டு வாசிக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கை ஓயட்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது கூடவே கூடாது. மரத்துப்போதல், விரல் தானாகச் சுருளுதல் போன்றவை தென்பட்டால் அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கை போன பிறகு ஷூமன் முழுமையாக இசையமைப்பில் இறங்கினார். கிளாராவையே 1840இல் மணந்தார். அவருடைய படைப்புகளை ஐரோப்பாவின் மேடைகளுக்குக் கொண்டுபோனவர் கிளாராதான். 1848இல் ஷூமன் இளையோருக்காக 43 சிறு பாடல்கள் கொண்ட தொகுப்பை எழுதினார். அதன் தொடக்கம் மூத்த மகள் மரியின் ஏழாவது பிறந்தநாள் பரிசு. இளம் இசைக்கலைஞர்களுக்கு அவர் எழுதிய அறிவுரைகள் 1850இல் அச்சாயின. ஒலி எழுப்பாத பயிற்சிக் கட்டைகள் எதற்கும் உதவாது, பேச முடியாதவரிடம் பேசக் கற்க முடியாது என்கிறார் அதில். கடினமானதைச் சுமாராக வாசிப்பதைவிட எளியதை அழகாக வாசிப்பதே மேல் என்றும் சொல்கிறார். பட்டவர் சொன்ன சொல் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

அந்தத் தொகுப்பின் முதல் பாடலை உங்கள் மகள் ஒரு மாதம் வாசிக்கட்டும். வயதுக்கு மிக எளியதாகத் தோன்றும். ஆனால் வலது கை பாடுவதுபோல் ஒலிக்க வேண்டிய பாடல் அது, எந்த ஸ்வரம் அமுங்கினாலும் உடனே காதில் விழும். கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு வகுப்புகள் கூடுதலாக வைத்து, அமுங்கும் இடத்துக்கு வேறு விரல் வரிசை பொருந்துமா என்று ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள்.